வெட்டுத்துண்டு

வலது பக்கத்துக் கீழ்க்கடைவாய்ப் பல்லோடு வீரணன் எட்டு மாதம் மல்லுக்கட்டினான். கிராம்பை வைத்துக் கடித்தான். புகையிலையை அடக்கினான். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தான். அய்யனார் கோவில் அருவியில் தலையைக் கொடுத்தால் பல்வலி ஓடிவிடும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு, அங்கேயும் போய் அருவிக்குப் பல்லைக் காட்டிவிட்டு வந்தான். நூல் மில்லில் இரண்டு ஆள் தூக்குகிற பஞ்சுப் பொதியை ஒற்றை ஆளாகப் புரட்டுகிறவன்தான். ஊசி என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் கைகால் உதறும்.

எண்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் கன்னம் வீங்கி, கஞ்சியும் இறங்காமல் போனபிறகுதான் வழிக்கு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறார், பெயர் ஸாவித்ரி, கை பட்டதே தெரியாது என்று சொல்லியனுப்பியவர் சம்பத்குமார். வீரணன் பெண்டாட்டி வெள்ளத்தாய் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் அவர் சூப்பர்வைசர். கோவில் பக்கத்துத் தெருவில் குடியிருந்துகொண்டு, தினமும் ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் வந்துபோகிறவர்.

வியாழக்கிழமை காலையில் பல் வந்துவிட்டது. இரண்டு வேர். டாக்டரம்மா அதைத் தட்டில் போட்டுக் காட்டினார். வீரணன் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டான். ஓட்டையில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா வெள்ளத்தாயைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு மணி நேரம் இந்தப் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். துப்பவே கூடாது. எச்சி ஊறினா முழுங்கிடணும். இன்னைக்கு முழுக்க வாய் கொப்பளிக்கக் கூடாது, சூடா எதுவும் குடிக்கக் கூடாது, பீடி கூடாது. குழியில ரத்தம் உறைஞ்சு நிக்கும். அதுதான் புண்ணுக்கு மூடி. அது கழண்டா மறுபடியும் ரத்தம் வரும். நாளைக்குக் காலையில இருந்து வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில மெதுவா கொப்பளிக்கலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

"புண்ணுக்குள்ள நீங்களா எதையும் வைக்கக் கூடாது. ரத்தம் வந்தா இந்தப் பஞ்சு ரெண்டு தாரேன், நனைச்சுப் பிழிஞ்சு, மேல வச்சுக் கடிக்கணும். அப்பவும் நிக்கலைன்னா நேரே இங்க வந்துரணும்."

எல்லாவற்றுக்கும் வெள்ளத்தாய் தலையாட்டினாள். பஸ் ஏறினதும் வீரணன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முதல் துப்பல். பின்சீட்டுக்காரி, "ஏய், எவன்டா அது, எம் மூஞ்சில தெறிக்குது" என்று கத்தினாள்.

"துப்பக் கூடாதுன்னாகல்லா" என்று வெள்ளத்தாய் தொடையில் இடித்தாள்.

"கெட்ட ரத்தம்ட்டி. முழுங்குனா வயித்துல போயிக் கட்டியா நிக்காதா? அவியளுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவாக."

பஞ்சும் துப்பலோடு போயிற்று. ராஜபாளையம் வருகிறவரை மனிதன் ரோட்டுக்குத் தண்ணீர் தெளிக்கிற மாதிரி துப்பிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்ததும் டாக்டரம்மா கொடுத்த மிச்சப் பஞ்சு இரண்டும் அதே வழியில் போயின. மூன்று மணிக்கு வாசல் சாக்கடையில் மழைத்தண்ணீரோடு சிவப்பாக ஓடிற்று. வீரணனுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. செம்பில் ஒரு வாய் துப்புவான், எட்டிப் பார்ப்பான், மறுபடி துப்புவான்.

"ஏட்டி, நிக்கமாட்டேங்குதுட்டி. உசுரு இந்த ஓட்டை வழியாப் போயிரும் போலருக்கு."

வெளியே மழை கொட்டியது. அந்த மழையில் திரும்பவும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்படிப் போவது? வெள்ளத்தாய் முக்காட்டுக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு அடுத்த சந்தில் இருந்த நூர்னிசா வீட்டுக்கு ஓடினாள். கம்பெனியில் இவளுக்குப் பக்கத்து இடம் நூர்னிசாவுக்கு, அன்றைக்கு அவளும் லீவு. பத்து வயது மூத்தவள். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள்.

"இதுக்கா இப்படி ஓடியாந்தே? ஊரு உலகத்து ஆஸ்பத்திரிக்கெல்லாம் நம்ம துணிதானே போகுது? நம்ம வீட்டு ஆளுக்கு ஒரு துண்டு ஆகாதா? இருக்குல்ல உங்கிட்ட?"

இருந்தது. தறியிலிருந்து வருகிற பேண்டேஜ் துணியை அளந்து மடித்து அடுக்குவதுதான் மடிப்புக்கூடத்துப் பெண்களின் வேலை. இழை அறுந்த இடத்தைக் கத்தரித்துப் போட்டால் அது வெட்டுத்துண்டு. அதைச் சாக்கில் போட வேண்டும், கழிவுக்குப் போகும். ஆனால் எந்தப் பெண்ணுக்குத்தான் ஒரு துண்டுத் துணி வேண்டாம்? சாயங்காலம் கேட்டில் சம்பத்குமார் நிற்க, ஒரு கிழவி ஒவ்வொருத்தி மடியாகத் தடவிப் பார்ப்பாள். எடுத்தது தெரிந்தால் அன்றோடு வேலை போயிற்று. போன வருஷம் கண்ணுச்சாமி பெண்டாட்டியை அப்படித்தான் அனுப்பினார்கள். அதற்குப் பிறகு யாரும் மடியில் வைப்பதில்லை. கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டு வந்தார்கள்.

வெள்ளத்தாய் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். கத்தரித்து, சுருட்டி, குழிக்குள் விரலால் திணித்து, "கடிங்க" என்றாள். அரை மணி நேரத்தில் ரத்தம் நின்றது. அவளுக்கு அப்படியொரு பெருமை. படித்த டாக்டர் பஞ்சில் நிற்காதது தன் கையில் நின்றுவிட்டதே!

மறுநாள் துணியை எடுக்கப் போனால் வரவில்லை. இழையெல்லாம் புண்ணோடு ஒட்டியிருந்தது. கொஞ்சம் இழுத்ததும் வீரணன் போட்ட சத்தத்தில் அவள் கையை எடுத்துவிட்டாள். வெளியே தொங்கிய நுனியை மட்டும் கத்தரித்தாள். ஆறினால் தானாகக் கழன்று வரும் என்று நினைத்தாள். நூர்னிசாவும் அதையேதான் சொன்னாள்.

சனிக்கிழமை வாயில் நாற்றம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளத்தாய் காப்பித் தண்ணீரைக் கொண்டுபோய் நீட்டினாள். வீரணன் வாயைத் திறக்கப் பார்த்தான், முடியவில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு வெற்றிலைக் காம்பு நுழைகிற இடம்தான் இருந்தது.

"தொறங்க."

"ம்ம்."

"விளையாடாதீக. தொறங்க."

பல்லைக் கடித்தபடியே பேசினான். "வரலட்டி. பூட்டுன மாதிரி இருக்கு."

வெள்ளத்தாய்க்குக் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு துள்ளுகிறதா என்றுதான் அவள் முதலில் பார்த்தாள். துள்ளவில்லை.

அவளுடைய அப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். வத்திராயிருப்பில் வயலில் உழும்போது காலில் ஆணி ஏறியது. மண்ணெண்ணெய் ஊற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எட்டாம் நாள் வாய் திறக்கவில்லை. ரணஜன்னி என்றார்கள். அப்போது வெள்ளத்தாய்க்குப் பன்னிரண்டு வயது. ஒரு பானை மூடி விழுந்த சத்தத்துக்கு அப்பா வில்லாக வளைந்ததையும், வலியில் இழுத்த முகம் பார்ப்பதற்குச் சிரிப்பது போலவே இருந்ததையும் அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாய் பூட்டிய மூன்றாம் நாள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் மளமளவென்று வேலை செய்தாள். ஜன்னலைச் சாத்தினாள். பாத்திரங்களைத் தரையில் இறக்கிச் சேலையால் மூடினாள். மகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள். அந்த வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லிக் காலில் விழாத குறையாகக் கேட்டுவிட்டு வந்தாள். வீரணன் பாயில் உட்கார்ந்துகொண்டு இவளையே பார்த்தான்.

"என்னட்டி செய்யுத? வாய்தானே பூட்டியிருக்கு, காதுமா போச்சு?"

"பேசாதீக. அலட்டாதீக. படுங்க."

அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவளும் சொல்லவில்லை. சொன்னால் பயத்திலேயே உயிர் போய்விடும். உள்ளே இருப்பது அவள் திணித்த துணி. அவள் கொண்டையில் வைத்துத் திருடிக்கொண்டு வந்த துணி. ஆணியாவது தெரியாமல் ஏறியது. இதை அவளே கையால் அல்லவா வைத்தாள்?

ஞாயிறு என்பதால் டாக்டரம்மா கிளினிக் பூட்டியிருக்கும். வேறு வழி தெரியாமல் பத்து மணி பஸ்ஸில் வீரணனைக் கூட்டிக்கொண்டு சம்பத்குமார் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் ஈரவேட்டியும் நெற்றியில் திருமண்ணுமாக வெளியே வந்தார். வீரணன் கன்னத்தைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் போய்க் கதவைத் தட்டியதால்தான் டாக்டரம்மா சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து கிளினிக்கைத் திறந்தார்.

நாற்காலியில் வீரணன், அவன் தலைமாட்டில் டாக்டரம்மா, சுவரோரம் வெள்ளத்தாய், அவளுக்கு ஒரு முழம் தள்ளி சம்பத்குமார். அவர் வெளியே போனால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் போகவில்லை. அழைத்துக்கொண்டு வந்தவர் என்கிற பாத்தியதை.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். பற்கள் விலகாததால் கடைசிவரை வெளிச்சம் போகவில்லை. "துப்பினீங்களா?" என்றார்.

வீரணன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"பீடி?"

இல்லை என்று தலையசைத்தான்.

"குழியில ஏதாவது வச்சீங்களா? கிராம்பு, புகையிலை, எதுவானாலும் சொல்லணும்."

வீரணன் வெள்ளத்தாயைப் பார்த்தான். டாக்டரம்மாவும் பார்த்தார். சம்பத்குமாரும் பார்த்தார்.

"இல்லம்மா" என்றாள் வெள்ளத்தாய்.

பத்து வருஷ வேலை. வீரணன் மில்லில் வருஷத்தில் மூன்று மாதம் கதவடைப்பு. அந்த மாதங்களில் அவள் மடிக்கும் துணிதான் வீட்டில் சோறு.

டாக்டரம்மா கையைத் துடைத்தார். "கடைசிப் பல் எடுத்தா சில பேருக்கு இப்படித் தாடை இறுகிக்கும். நாற்றம் இருக்கறதால வேற மாத்திரை எழுதித் தாரேன். மூணு நாள் பாத்துட்டு வாங்க."

மூன்று நாள். அதே கணக்கு. டாக்டரம்மா சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார். வீரணன் நாற்காலியை விட்டு இறங்கக் காலைத் தொங்கவிட்டான்.

"துணி வச்சேம்மா" என்றாள்.

"என்னது?"

"பேண்டேஜ் துணி. குழிக்குள்ள வச்சு அமுக்கினேன். பொறவு எடுக்க வரல. இன்னும் உள்ளதான் இருக்கு."

"எங்க வாங்கின துணி?"

வெள்ளத்தாய் சம்பத்குமார் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள். "வாங்கலம்மா. கம்பெனியில எடுத்தேன். கொண்டைக்குள்ள வச்சுக் கொண்டாந்தது. இவுகளுக்கு வந்திருக்கது ரணஜன்னியாம்மா? எங்க அய்யா இப்படித்தான் போனாக. சொல்லிருங்கம்மா."

டாக்டரம்மா சீட்டை வைத்துவிட்டு எழுந்தார். வீரணனைச் சாய்த்து வயிற்றை அமுக்கினார். கழுத்தை முன்னும் பின்னும் வளைத்தார். முதுகுக்கடியில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு ஒரு மெல்லிய இடுக்கியை எடுத்தார்.

கால் மணி நேரம் ஆயிற்று. வீரணன் நாற்காலிக் கையை உடைத்துவிடுவான் போலப் பிடித்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க இழுக்க, கறுப்பும் மஞ்சளுமாக ஒரு விரல் நீளத்துக்கு வந்தது. சம்பத்குமார் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா குழியைக் கழுவினார், கையில் ஓர் ஊசி போட்டார், அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ரணஜன்னி இல்லை. உடம்பு இறுகலை, கழுத்து நல்லா வளையுது. துணி அழுகி, சீழ் பிடிச்சு, அதனால தாடை பூட்டிக்கிச்சு. ஆனா ரணஜன்னியே வந்திருக்கலாம். நீ மடிக்கிற துணி என்ன துணின்னு உனக்குத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரித் துணிதானேம்மா?"

"அது கஞ்சியும் தறி எண்ணெயும் இருக்கற, இன்னும் வெளுக்காத கோராத்துணி. தரையில கிடக்குது. எத்தனை கை படுது. இங்கிருந்து லாரியில போயி, காரத்துல வேகவச்சு, வெளுத்து, அப்புறம் ஆவியில வச்சுக் கிருமியைக் கொன்ன பிறகுதான் அது ஆஸ்பத்திரித் துணி. அதுக்கு முன்னாடி அதுவும் அழுக்குத் துணிதான்."

லாரி ஏறுகிறவரைதான் வெள்ளத்தாய்க்குத் தெரியும். பத்து வருஷமாக விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு மடித்திருக்கிறாள். அந்தத் துணி நேராகப் போய் ஏதோ ஒரு புண்ணின் மேல் உட்காருகிறது என்றுதான் நினைத்திருந்தாள். அதற்குமேல் ஒருவரும் சொன்னதில்லை.

டாக்டரம்மா ஐஸ் குச்சி மாதிரி மெல்லிய மரக்குச்சிகளை ஒரு கட்டு கொடுத்தார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நுழைகிற மட்டும் பல்லிடுக்கில் வைத்துக் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். தினமும் ஒரு குச்சி கூட்ட வேண்டும். சாப்பிட்ட பிறகெல்லாம் உப்புத் தண்ணீர். அன்றைக்கு மூன்று குச்சி போயிற்று.

வெளியே வந்ததும் சம்பத்குமார் வீரணனை முன்னே நடக்க விட்டார். வெள்ளத்தாய் அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் விலகிக்கொண்டார்.

"எழுந்திரு. நான் ஒண்ணும் கேக்கலை, நீ ஒண்ணும் சொல்லலை, தெரியறதா? நம்ம துணியால சீழ் பிடிச்சதுன்னு நாலு பேர் பேசினா கம்பெனி பேர் என்னாகும்? கேட்ல நிக்கறவன் என்ன பண்ணினான்னு முதலாளி என்னைக் கேப்பார். ஆம்படையான் உடம்பு சரியானதும் வேலைக்கு வா. மத்தவா யார்கிட்டயும் மூச்சு விடப்படாது. விட்டேன்னா அப்புறம் உன்னைக் காப்பாத்த என்னால முடியாது."

"விடமாட்டேன் சார். எம் பிள்ளை மேல சத்தியம்."

திங்கட்கிழமை நான்கு குச்சி. செவ்வாய்க்கிழமை ஐந்து, அதோடு கரைத்த கேப்பைக் கூழ். ஒவ்வொரு குச்சியையும் அவள்தான் வைத்தாள். ரணஜன்னி இல்லை என்று டாக்டரம்மா சொன்னது ஒரு காதில் இருந்தது. எட்டாம் நாள் என்பது இன்னொரு காதில் இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தூக்கத்தில் வீரணன் காலை அசைத்தாலும் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். எட்டாம் நாள் வியாழக்கிழமையும் வந்தது, போனது. ஏழு குச்சி. வீரணன் இட்லியைப் பிட்டுப் பால் ஊற்றிப் பிசைந்து தின்றான். தின்று முடித்து, சொல்லாமலே எழுந்துபோய் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தான். வெள்ளத்தாய் அடுப்படிக்குள் போய்ச் சத்தம் வராமல் அழுதாள். பயம் விட்டதால் வந்த அழுகை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள். கேட்டில் சம்பத்குமார் இவளைப் பார்த்து ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தார். இவளும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

மடிப்புக்கூடத்தில் பதினெட்டுப் பெண்கள். நடுவில் துணி மலை. நூர்னிசா இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வீட்ல எப்படி இருக்காக?"

"தேவலக்கா. சாப்பிடுதாக."

"நான் சொல்லல? நம்ம துணி வச்சா நிக்காம எங்க போகும்?"

வெள்ளத்தாய் மடிப்பை எடுத்தாள். நூர்னிசா துணியை அளந்துகொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"எம் மக நூர்பானு வந்திருக்கா, தலைப்பிரசவத்துக்கு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கா. மருத்துவச்சிகிட்டச் சொல்லிட்டேன், வீட்டுல வச்சே பாத்துரலாம்னு. நல்லா நைசாப் பார்த்து ஒரு துண்டு எடுத்து வச்சிருக்கேன். புள்ளைக்குத் தொப்புள்ல வச்சுக் கட்ட. கடைத்துணி எதுக்கு, சொல்லு."

வெள்ளத்தாயின் கை நின்றது.

எதிரே கண்ணாடிச் சட்டம் போட்ட ஆபீஸ் அறை. அதற்குள் சம்பத்குமார் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். காதோடு காதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் நூர்னிசா நம்புவாளா? ஏன், எதனால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள், முழுக்கதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் பக்கத்துக்காரியிடம் சொல்லுவாள். சாயங்காலத்துக்குள் அது அந்த அறைக்குப் போய்விடும். பிள்ளை மேல் வேறு சத்தியம் செய்திருக்கிறாள். தன் வயிறு, தன் பிள்ளை, மில் கதவடைத்தால் எரியாத அடுப்பு, எல்லாம் அவள் கண் முன்னால் வந்தன. கூடவே அப்பாவின் முகமும் வந்தது. அந்த முகத்தைப் பிறந்து எட்டு நாளான ஒரு பிள்ளைக்கு வைத்துப் பார்த்தபோது அவளால் உட்கார முடியவில்லை.

எழுந்து நின்றாள்.

"அக்கா, அதை வைக்காத."

"எதை?"

"அந்தத் துணியை வைக்காத. பிள்ளை செத்துப்போகும்."

தறிச் சத்தம் சுவருக்கு அந்தப்பக்கம் இரைந்தது. இவள் அதற்கு மேலே கத்த வேண்டியிருந்தது. பதினேழு பேரும் நிமிர்ந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் சம்பத்குமாரும் நிமிர்ந்தார்.

"எல்லாரும் கேளுங்க. இது ஆஸ்பத்திரித் துணி இல்ல. வேகவச்சு வெளுத்தாத்தான் ஆஸ்பத்திரித் துணி. இது அழுக்கு. நான் கொண்டைக்குள்ள வச்சுக் கொண்டுபோயி எங்க வீட்டு ஆளு பல்லுக்குழியில வச்சேன். சீழ் பிடிச்சு வாய் பூட்டிக்கிச்சு. டாக்டரம்மா இழுத்து வெளிய போட்டாக. எங்க அய்யா ரணஜன்னியில செத்தாரு. நான் பார்த்தேன், அந்தச் சாவு யாருக்கும் வரக்கூடாது. வீட்டுல வச்சிருந்தா தூரப் போடுங்க. புண்ணுல வைக்காதீக."

சம்பத்குமார் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். "வெள்ளத்தாய், வாயை மூடு" என்றார்.

நூர்னிசா கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள்.

"காலையில வரும்போது இடுப்பு வலிக்குதுன்னு சொன்னாளே" என்றாள், யாருக்கோ சொல்லுகிறமாதிரி. "எடுத்து மருத்துவச்சி கையில குடுத்துட்டு வந்தேனே."

செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு துணிக்குவியலை மிதித்துத் தாண்டி வாசலுக்கு ஓடினாள். சம்பத்குமார் குறுக்கே நின்றார். "எங்க போறே? மணி அடிக்கலை" என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

அவள் பின்னாலேயே இன்னொருத்தி எழுந்தாள். பிள்ளைக்குக் காலில் கட்டி உடைந்திருக்கிறது, காலையில்தான் கட்டு மாற்றினேன் என்றாள். அப்புறம் மூலையிலிருந்து ஒருத்தி. அப்புறம் இன்னும் இரண்டு பேர். ஒரு வருஷமாகக் கேட்டில் ஒரு முழத் துணி கூடப் பிடிபடாத கம்பெனியில், நூல் பிடித்த மாதிரி ஒருத்தி பின் ஒருத்தியாகப் பெண்கள் மழைக்குள் இறங்கி வீட்டைப் பார்த்து ஓடினார்கள்.

சம்பத்குமார் வெள்ளத்தாயிடம் திரும்பினார். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இங்கே இனி வேலை இல்லை, அது தெரியும். மழையில் நூர்னிசாவின் வீட்டுச் சந்து எந்தப் பக்கம் என்றுகூட ஒரு கணம் மறந்துபோயிற்று. பிறகு அவளும் ஓடினாள்.